மந்திரம் அறியா வீரன்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு தமிழாசிரியர் பணித்தபோது, எதைப்பற்றி எழுதுவது என்று அறியாது விழித்தேன். "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுது, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதே" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது யாது என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு கணிப்பொறி விளையாட்டில், மந்திரம் எதுவும் அறியாத ஒரு போர்வீரனாக நின்று அடிவாங்குவது எப்படி என்பதே எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இதையெல்லாமா மலரில் எழுதுவது?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். முழுதும் படித்தபின் நகைக்குமாறு வேண்டுகிறேன்.

விளையாட்டின் வரலாறு

வரலாற்று மாணவன் ஆதலின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டு அது. அதில் முதன்முதலாக வகுக்கப்பட்ட பாத்திர வகைகள் மூன்றே. ஒருவன் போராளி, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் இறையருளால் காயம் ஆற்றும் சமயத்தொண்டன்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர் 1978இல் தொடங்கி, பலர் ஒரே வேளையில் கணிப்பொறி வழியே புகுந்து உலவத்தக்க கற்பனை உலகொன்றை எழுத்துகளாலேயே படைத்தனர். அதில் படம் கிடையாது. ‘நீ ஒரு குகையில் நிற்கிறாய்’ என்பதுபோன்ற வாசகங்கள் மட்டுமே திரையில் தோன்றும். அந்த வித்திலிருந்து முளைத்த மரங்கள் பல. 1999இல் ‘எவர்குவெஸ்ட்’ வந்தது. 2004 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்தது. நான் ஆடியது இந்தப் பின்னதன் பழைய வடிவம். 2019 ஆகஸ்டில் அப்பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்னும் பெயரில் மீண்டும் திறந்தார்கள்.

அதில் பாத்திர வகைகள் ஒன்பது. ஏனைய எழுவருக்கும் ஏதேனும் ஒரு மந்திரம் கைவரும். வீரனும் கள்வனும் மட்டுமே மந்திர ஆற்றல் அற்றவர்கள். கள்வனுக்கோ மறைந்து திரியும் மாயம் உண்டு. வீரனுக்கு அதுவும் இல்லை. அவனுக்கு உள்ளவை இரும்பும் உடம்பும் மட்டுமே.

நான் வீரன் ஆன கதை

என் அக்காள் கணவர் புதுக் கணிப்பொறி வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தார். இவ்விளையாட்டுக்கு மாதச் சந்தா உண்டு. ஏறத்தாழ 15 டாலர். கோடை விடுமுறையில் ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து ஈட்டிய பணத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக, மூன்று மாதச் சந்தாவுக்கு மிஞ்சியது. மூன்றே மாதம். ஆகவே ஒவ்வொரு நாளும் எனக்குக் காசு.

அவ்விளையாட்டில் ‘ஹார்ட்கோர்’ என்றொரு தனி முறை 2023 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. பொதுவாக இத்தகைய விளையாட்டுகளில் பாத்திரம் இறந்தால் சிறிது நேரத்தில் எழுந்து நடக்கும். ஹார்ட்கோரில் அஃது இல்லை. ஒருமுறை இறந்தால் இறந்ததுதான். பல வாரம் வளர்த்த பாத்திரம் ஒரு நொடியில் ஆவியாகிவிடும். ஆவி பேசலாம், எழ முடியாது. வாழ்வைப் போலவே இருக்கிறதே என்று எனக்கு அம்முறை பிடித்துப் போயிற்று.

முதலில் மந்திரவாதியாகத்தான் ஆடினேன். நான்காம் நாள் மாலை எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்து பார்த்தபோது, ஓநாய் ஒன்றின் அருகில் அவன் பிணமாகக் கிடந்தான். மெல்லிய துணி உடுத்தவன் அடி தாங்குவானா? அடுத்துத் தொடங்கும்போது, அடி தாங்குகிறவனையே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். வீரனானேன். அது பிழையான கணக்கு என்பது பிறகே தெரிந்தது.

வெறுங்குடம்

மந்திரவாதிக்கும் வீரனுக்கும் உள்ள வேற்றுமையை ஓர் உவமையால் விளக்கலாம். மந்திரவாதியிடம் ஒரு குடம் நிறைய மந்திர ஆற்றல் இருக்கிறது. போர் தொடங்கும்போது குடம் நிறைந்திருக்கும். மந்திரம் ஏவ ஏவக் குறையும். வீரனிடமும் ஒரு குடம் உண்டு. ஆட்டக்காரர்கள் அதனை ‘ரேஜ்’ என்பார்கள். நாம் சினம் எனலாம். அதன் கொள்ளளவு 100. ஆனால் அது போர் தொடங்கும்போது வெறுங்குடம். பகைவனை அடித்தால் சிறிது நிறையும். பகைவனிடம் அடிபட்டாலும் நிறையும். போர் முடிந்ததும் தானே வடிந்துபோகும். நாளைக்கென்று சேர்த்துவைக்க இயலாது.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். மந்திரவாதி எட்டத்தில் நின்று, முழு ஆற்றலோடு முதல் அடியை அடிக்கிறான். வீரனோ அருகிற் சென்று, ஒன்றுமில்லாமல் நின்று, அடிபட்ட பிறகே அடிக்கத் தக்கவன் ஆகிறான். அடியே அவனுக்கு முதலீடு.

தொடக்கத்தில் வீரனின் நிலை இரங்கத்தக்கது. ஒரு பகைவனோடு பொருதால் வெல்வான். இருவர் சேர்ந்து வந்தால் சாவான். காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ள மந்திரம் இல்லை. துணிக்கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டும். என் முதல் இருபது படிகளில் நான் போரிட்ட நேரத்தைவிட உண்ட நேரமே மிகுதி. "பொட்டியிலே சண்டை போடறேன்னு சொன்னே, அவன் எப்பப் பார்த்தாலும் உக்காந்து தின்னுட்டுல்ல இருக்கான்" என்று என் தாயார் ஒருநாள் திரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆயுதத்திற்கும் அவன் அடிமை. மந்திரவாதிக்குக் கைத்தடி பழுதானாலும் மந்திரம் பழுதாகாது. வீரனின் வலிமையோ வாளின் வலிமை. வாள் பழகியவன் புதிதாகக் கோடரியைக் கையில் எடுத்தால் அத்திறன் ஒன்றிலிருந்து தொடங்கும். படிக்கு ஐந்து வீதம் உயரும் வரம்பை அடித்து அடித்தே எட்ட வேண்டும். முப்பதாம் படியில் வீரனுக்கென்றே ஒரு பணி உண்டு. அதன் முடிவில் மிகச் சிறந்த கோடரியோ வாளோ கதையோ கிட்டும். ஆனால் அதற்குச் சைக்ளோனியன் என்னும் சூறாவளிப் பூதத்தை வீழ்த்த வேண்டும். அதன் படி நாற்பது. தனியொருவனாய்ச் செல்லும் முப்பதாம் படி வீரன் திரும்ப மாட்டான். நால்வரிடம் சென்று, "வாருங்கள், எனக்காக ஒருமுறை" என்று கேட்டே ஆகவேண்டும். முன்பின் அறியாத நால்வர் எனக்காக வந்தார்கள். அவர்களுக்கு அதில் ஊதியம் ஏதும் இல்லை.

மூன்று நிலைகள்

வீரனுக்கு மூன்று நிலைகள் உண்டு. ‘ஸ்டான்ஸ்’ என்பது விளையாட்டின் சொல். முதலாவது போர்நிலை, பகைவனை நோக்கிப் பாய்ந்து செல்வது இந்நிலையில்தான். இரண்டாவது காப்புநிலை, இதில் தான் வாங்கும் அடி பத்து விழுக்காடு குறையும், தான் கொடுக்கும் அடியும் பத்து விழுக்காடு குறையும். மூன்றாவது வெறிநிலை, இதில் அடி பலிக்கும், ஆனால் வாங்கும் அடியும் பத்து விழுக்காடு கூடும். பல செயல்கள் ஒரு நிலைக்கு அல்லது இரண்டு நிலைகளுக்கு மட்டுமே உரியவை. நிலை மாறும்போது, சேர்த்த சினம் கொட்டிப்போகும். தனிப் பயிற்சி பெற்றவன் அதில் 25 வரை மட்டும் காத்துக்கொள்ளலாம்.

இது சிறு செய்தி போலத் தோன்றும். என் கதை முழுவதும் இச்சிறு செய்தியில்தான் தொங்குகிறது.

தூசிப்படை

குகைகளிலும் கோட்டைகளிலும் ஐவர் சேர்ந்து புகுவது வழக்கம். ஒருவர் முன்னின்று அடி தாங்குவார். அவரை ‘டாங்க்’ என்பர். ஒருவர் காயம் ஆற்றுவார். அவரை ‘ஹீலர்’ என்பர். நான் மருத்துவர் என்கிறேன். எஞ்சிய மூவர் பகைவரை வீழ்த்துவர். நம் பழந்தமிழர் முன்னணிப் படையைத் ‘தூசி’ என்றனர். அச்சொல்லை இங்கு ஆள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

முன்னிற்பவன் வேலை பகைவனைக் கொல்வதன்று. பகைவன் கண் தன்மேலேயே இருக்குமாறு செய்வதே அவன் வேலை. ஒவ்வொரு பகைவனும் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறான் என்று கொள்ளுங்கள். யார் தனக்கு எவ்வளவு தீங்கு செய்தார் என்று அதில் எழுதுகிறான். யார் பெயரில் தொகை மிகுதியோ அவரையே தாக்குகிறான். அருகில் நிற்கும் ஒருவர் வீரனின் தொகையைப் பத்து விழுக்காடு தாண்டினால், பகைவன் அவர்பால் திரும்புவான். எட்டத்தில் நிற்பவர் முப்பது விழுக்காடு தாண்டினால் திரும்புவான். வீரன் பகைவனின் கவசத்தைக் கிழித்தும், வசைபாடியும், கேடயத்தால் மோதியும் தன் பெயரில் பற்று ஏற்றிக்கொண்டே இருக்கிறான்.

காயம் ஆற்றுவதும் அப்புத்தகத்தில் ஏறும் என்பதே இதில் நுட்பம். ஆற்றிய அளவில் பாதி மருத்துவர் பெயரில் எழுதப்படும். எதிரே நிற்கும் எல்லாப் பகைவரிடத்தும் அது பங்காகும். ஆகவே, வீரன் கை படாத புதிய பகைவர் போருக்குள் வந்தால், அவர்கள் புத்தகத்தில் இருக்கும் ஒரே பெயர் மருத்துவருடையது. நேரே அவரிடம் ஓடுவார்கள். நன்மை செய்தவரைத் தேடிச்சென்று அடிக்கும் இந்த ஏற்பாடு முதலில் எனக்கு அநீதியாகப் பட்டது. பிறகு தெரிந்தது, அந்த அநீதியைத் தடுக்கத்தான் வீரன் என்று ஒருவன் இருக்கிறான் என்பது.

ஒரு மாலை

இரண்டாம் மாத முடிவில் என் வீரன் 36ஆம் படியில் இருந்தான். செந்நிற மடம் என்று நாம் சொல்லத்தக்க ‘ஸ்கார்லெட் மோனாஸ்டரி’யின் படைக்கல மண்டபத்தில் ஐவராகப் புகுந்தோம். நான், ஒரு மருத்துவர், ஒரு மந்திரவாதி, ஒரு வேட்டுவர், ஒரு கள்வர். யார் எந்நாட்டார் என்று எவருக்கும் தெரியாது.

அம்மண்டபத்துப் படைவீரர்களிடம் ஒரு குணம் உண்டு. சாகும் தறுவாயில் அவர்கள் திரும்பி ஓடுவார்கள். ஓடிப்போய் அடுத்த கூட்டத்தை அழைத்து வருவார்கள். அதைத் தடுக்க வீரனிடம் ஒரு செயல் உண்டு. ஓடுபவனின் காலை வெட்டி வேகத்தைக் குறைப்பது. ஆனால் அது காப்புநிலையில் இயலாது. போர்நிலைக்கோ வெறிநிலைக்கோ மாற வேண்டும். மாறினால் சினம் கொட்டிப்போகும். அப்போது என் குடத்தில் எண்பதுக்குமேல் இருந்தது. ஒருவன் ஓடினான். "போகட்டும், மந்திரவாதி பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிட்டேன். கஞ்சன் காசை முடிந்துவைப்பதுபோலச் சினத்தை முடிந்துவைத்தேன்.

அவன் நால்வரோடு திரும்பி வந்தான். நால்வரும் என்னைக் கடந்து மருத்துவரை நோக்கிச் சென்றார்கள்.

அந்நொடியில் என்னிடம் இருந்தவற்றைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். ஒருவனை என்பால் திருப்பும் அறைகூவல் இருந்தது. அதற்குச் சினமே வேண்டாம். சூழ நின்ற அனைவரையும் ஆறு நொடி என்பால் ஈர்க்கும் பெருங்கூச்சல் இருந்தது. வாங்கும் அடியில் முக்கால் பங்கைப் பத்து நொடி தடுக்கும் கேடயச்சுவர் இருந்தது. அரைமணிக்கு ஒருமுறைதான் கேடயச்சுவரைப் பயன்படுத்த இயலும் என்பதால், எனக்கென்று அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். என் உயிர் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. வாயில் அருகில் இருந்தது.

நான் ஓடினேன்.

இவ்விளையாட்டில் ஓடுபவனுக்கு ஒரு தண்டனை உண்டு. கேடயம் முன்னே வரும் அடியைத்தான் தடுக்கும். முதுகுக்குக் கேடயம் இல்லை. முதுகில் அடி விழுந்தால் சிலபோது தலைசுற்றி, கால் வேகம் பாதியாகும். வாயிலுக்குப் பத்தடி இருக்கையில் எனக்கு அது நேர்ந்தது. உயிர் ஒரு நூலில் நின்றது. அப்போது என்மேல் ஓர் ஒளி விழுந்தது. மருத்துவர் தம்மை நான்கு பேர் சூழ்ந்து வெட்டிக்கொண்டிருக்கையில் தமக்குச் செய்துகொள்ளாமல், ஓடிக்கொண்டிருந்த எனக்குச் செய்த மருத்துவம் அது. அந்த ஒளியில் நான் வாயிலைக் கடந்து வெளியேறினேன். நான் வெளியேறியதும் என்னைத் துரத்தியவர்கள் புத்தகத்தில் என் பெயர் அழிந்தது. அவர்களும் அவர்மேல் திரும்பினார்கள்.

கள்வர் மறைந்து தப்பினார். வேட்டுவர் செத்தவர்போல் கிடந்து தப்பினார். மந்திரவாதி பகைவர் கால்களை உறைய வைத்துத் தப்பினார். மருத்துவர் இறந்தார்.

ஆவி பேசலாம் என்று முன்பே சொன்னேன். சிறிது நேரம் கழித்துத் திரையில் அவரது கேள்வி ஒன்று தோன்றியது. ‘நீ வெளியே வந்துவிட்டாயா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். ‘வந்துவிட்டேன்’ என்று எழுதினேன். ‘நல்லது’ என்று எழுதினார். மேலும் ஏதேனும் எழுதலாம் என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில் அவர் பெயர் திரையிலிருந்து மறைந்தது. அதன்பின் அவரை நான் காணவில்லை.

புறப்புண்

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விளையாட்டுத்தானே என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். விளையாட்டுத்தான். ஆனால் அவரது பல வார உழைப்பு விளையாட்டன்று. நான் திரும்பி ஓடியதும் விளையாட்டன்று.

வகுப்பில் படித்த வெண்ணிப் போர் நினைவுக்கு வந்தது. கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் தைத்த வேல் முதுகையும் ஊடுருவிப் புறப்புண்ணாகியதற்கு நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான் என்று புறநானூற்றின் வழி அறிகிறோம். அவன் ஓடவில்லை, முன்னின்று பெற்ற புண்தான் பின்னும் வந்தது. அதற்கே அவன் நாணினான். தேர்வுக்காக அதை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று. விழுப்புண் என்பது வலியைப் பற்றியதன்று; எவர்பக்கம் முகம் வைத்திருந்தாய் என்பதைப் பற்றியது.

அடி தாங்குகிறவனாக இருந்தால் நான் சாகமாட்டேன் என்றெண்ணி வீரனைத் தேர்ந்தெடுத்தேன் அல்லவா? அங்கேதான் கணக்குப் பிழைத்தது. வீரனின் கவசம் அவன் சாகாமல் இருப்பதற்காக அன்று. மற்றவர் மேல் விழவேண்டிய அடியை வாங்குவதற்காக அது அவனுக்குத் தரப்பட்டது. அதை உடுத்திக்கொண்டு ஓடுபவன் பிறர் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுபவன்.

ஒன்றும் நடவாத நாள்

ஒரு வாரம் விளையாட்டைத் திறக்கவே இல்லை. சந்தா நாள்கள் கழிந்தன. பிறகு மனம் கேளாது மீண்டும் சென்றேன். அதே மண்டபத்துக்கு வேறொரு குழுவோடு புகுந்தேன். போரைத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒன்று மட்டும் எழுதினேன்: ‘நான் ஓடினால் எனக்கு மருத்துவம் செய்யாதீர்கள், நீங்கள் தப்புங்கள்.’ அவர் சிரிப்புக் குறி ஒன்றைத் திருப்பி அனுப்பினார். நகைச்சுவை என்று எண்ணியிருப்பார்.

அதே இடத்தில் ஒருவன் ஓடத் தொடங்கினான். என் குடத்தில் எழுபதுக்குமேல் இருந்தது. நிலை மாறினேன். சினம் கொட்டிப்போயிற்று. எஞ்சிய சிறிதளவில் அவன் காலை வெட்டினேன். அவன் நொண்டிக்கொண்டு நாலடி போய் விழுந்தான். மீண்டும் காப்புநிலைக்கு வந்து, கிட்டத்தட்ட வெறுங்குடத்தோடு எஞ்சியவரைத் தாங்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எவரும் வரவில்லை, எவரும் சாகவில்லை, எவரும் பாராட்டவும் இல்லை. மந்திரவாதி பொழிந்த நெருப்பைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். நண்பர்களே, ஒன்றும் நடவாமல் பார்த்துக்கொள்வதே வீரனின் தொழில் என்பதை அன்று கண்டேன். நன்றாகச் செய்யப்பட்ட அவன் வேலை கண்ணுக்குத் தெரியாது, செய்யப்படாதபோதுதான் தெரியும். நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்து, எங்களுக்கு ஒன்றும் நேராமல் பார்த்துக்கொள்ளும் என் தாயாரின் வேலையும் அத்தகையதே என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "சரி, அந்தப் பொட்டியை மூடிட்டு வந்து தண்ணி பிடி" என்பார்.

முடிவுரை

என் சந்தா முடிந்துவிட்டது. என் வீரன் 41ஆம் படியில், இரும்புத் தகட்டுக் கவசம் அணிந்து, உயிரோடு இருக்கிறான். இவ்விளையாட்டில் உச்சிப்படி அறுபது. இன்னும் பத்தொன்பது படிகள். மந்திரம் அறியாதவனே பின்னாளில் நல்ல படைக்கலம் கிட்டியதும் மந்திரவாதிகளையும் விஞ்சுவான் என்று மூத்த ஆட்டக்காரர்கள் கூறுவர். அந்நிலையை நான் காணவில்லை, கண்டால் எழுதுவேன்.

இவ்வகை விளையாட்டில் புக விரும்பும் நண்பர்களுக்கு மூன்று சொற்கள். படிப்புக்குரிய நேரத்தை அதற்குக் கொடாதீர்கள். மந்திரம் அறிந்தவரைக் கண்டு மயங்காதீர்கள். வீரனாகப் புகுந்தால், உங்கள் பின்னே நிற்பவர் யார் என்பதை ஒவ்வொரு போருக்கு முன்னும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். போர் தொடங்கியபின் திரும்பாதீர்கள்.

பெயர் தெரியாத அந்த மருத்துவர் இக்கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. எனினும், ‘வந்துவிட்டேன்’ என்பதோடு நிறுத்திய அந்த விடையின் எஞ்சிய பகுதி இதுதான்.